‘ஸபர’ ஏன் ‘இஸ்டபர’ ஆகிறது? அரபு வினைகளில் ஒலியின் ஆட்சி

கேள்வி இது: “அரபு கற்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு வினையைப் பத்து அச்சுகளில் வார்க்கும் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பட்டியலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. சொல்லாக வரும்போது குழம்புகிறது. ‘கால’ (சொன்னான்) எப்படி ‘குல்து’ (சொன்னேன்) ஆயிற்று? ‘ஸபர’ (பொறுத்தான்) எட்டாம் அச்சில் ஏன் ‘இஸ்டபர’ ஆகிறது? காரணம் உண்டா, அல்லது விதிவிலக்கு என்று உருப்போட்டுக்கொள்ள வேண்டியதுதானா?”

காரணம் உண்டு. பாடநூல் ‘விதிவிலக்கு’ என்று ஒதுக்கும் இடங்களில் பெரும்பாலானவை வாயின் விதிகள். அந்த விதிகள் தமிழ் பேசுகிறவருக்குப் புதியவையும் அல்ல. ‘கேள்’ என்பதோடு ‘த்’ சேர்ந்து ‘கேட்டான்’ ஆவதை நாம் யாரும் உருப்போட்டுக் கற்கவில்லை.

முதலில் எழுத்தைப் பற்றி ஒரு சொல். அரபில் த, ஸ போன்ற சில ஒலிகளுக்குச் சாதாரண வடிவம் ஒன்றும், நாவின் பின்பகுதியை உயர்த்தித் தடிப்பாகச் சொல்லும் வடிவம் ஒன்றும் உண்டு. தடித்த தகரத்தை ‘ட’ என்று எழுதுகிறேன். தடித்த ஸகரத்துக்கு நம்மிடம் எழுத்தில்லை, வரும்போது சொல்கிறேன். ஜகாத்து என்ற சொல்லை அரபில் தொடங்கும் அதிர்வுள்ள ஸகரத்தை ‘ஜ’ என்றே எழுதுகிறேன்.

அரபின் அமைப்பைப் புரிந்துகொள்ள மதரசாவுக்குப் போகத் தேவையில்லை, தாலுகா ஆபீஸ் போதும். ‘அமல்’ என்றால் செயல். ‘மாமூல்’ என்றால் வழக்கமாகச் செய்யப்படுவது. இரண்டிலும் இருக்கும் வேர் ஐன்-ம-ல (‘ஐன்’ என்பது தொண்டையில் பிறக்கும் ஓர் அரபு எழுத்து). தாசில்தாரின் ‘தாசில்’ (தஹ்ஸீல், திரட்டுதல்), வயலின் ‘மகசூல்’ (மஹ்ஸூல், திரட்டப்பட்டது) இரண்டும் ஹ-ஸ-ல என்ற ஒரே வேர். நீதிமன்றத்தில் ‘ஆஜர்’ ஆகிறோம், ஊர் கூடி ‘மகஜர்’ கொடுக்கிறோம். இரண்டிலும் ‘முன்னிலையில் இருத்தல்’ என்ற ஹ-ள-ர. இவை பாரசீகம், உருது வழியாக வந்ததால் நடு எழுத்து ஜகரமாகிவிட்டது. அதே வேரிலிருந்து வந்த பட்டத்தைத் தமிழ் முஸ்லிம்கள் ‘ஹள்ரத்’ என்றும் சொல்வார்கள். ‘ரமளான்’ என்று ளகரம் போட்டு எழுதுவதும் அதே எழுத்துக்குத்தான். 8ஆம் நூற்றாண்டு இலக்கணி சீபவைஹி அந்த எழுத்து நாவின் பக்கவாட்டில் பிறப்பதாக எழுதியிருக்கிறார். ளகரமும் காற்று நாவின் பக்கவாட்டில் வழிவதால் பிறப்பதுதான். நம் முன்னோர் அதற்கு எழுத்துத் தேடும்போது காதை நன்றாகத் தீட்டி வைத்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன்.

மாமூலையும் மகசூலையும் அருகருகே வைத்துச் சொல்லிப் பாருங்கள். ஒரே தாளம். அந்தத் தாளத்துக்கு அரபில் ‘வஜ்ன்’, அதாவது எடை, என்று பெயர். நம் சொல்லில் வாய்பாடு. யாப்பில் ‘மலர்’ என்பதை நிரை என்றும் ‘தங்கம்’ என்பதைத் தேமா என்றும் வாய்பாட்டால் குறிப்பதுபோல, அரபுக்காரர் சொல்லின் தாளத்தை ஃப-ஐன்-ல என்ற மூன்று எழுத்தை வைத்துக் குறிப்பார்கள். ‘மாமூல்’ மஃப்ஊல் என்ற வாய்பாடு, ‘ஆஜர்’ ஃபாஇல் என்ற வாய்பாடு. ஃப-ஐன்-ல என்ற வேருக்குப் பொருள் ‘செய்’. நம் இலக்கணிகளும் ‘செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்’, ‘செய்யும் என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம்’ என்று ‘செய்’யைத்தானே அளவுகோலாக எடுத்தார்கள்? ஒன்றையொன்று பார்க்காத இரண்டு இலக்கண மரபுகள் ஒரே வினையைக் கையில் எடுத்தது எனக்கு இன்றைக்கும் வியப்பு. அரபு யாப்பை வகுத்தவரும் அரபின் முதல் அகராதிக்கு அடித்தளம் இட்டவரும் ஒரே ஆள், பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத். சீபவைஹி அவருடைய மாணவர். செய்யுளையும் சொல்லையும் ஒரே காதால் கேட்ட மரபு அது.

வேர் மெய்களால் ஆனது. பொருளின் கரு அதில் இருக்கிறது. உயிர்களும் நீளமும் இரட்டிப்பும் வாய்பாட்டின் பங்கு. ‘கதப’ எழுதினான். உயிரை நீட்டினால் ‘காதப’, ஒருவரோடு கடிதத் தொடர்பு வைத்தான். நடு மெய்யை இரட்டித்தால் இன்னொரு வகைப் பொருள் வரும்: ‘அலிம’ அறிந்தான், ‘அல்லம’ அறியவைத்தான், கற்பித்தான். ஆலிமும் முஅல்லிமும் இப்படிப் பிரிந்தவர்கள்தான். முன்னவர் அறிந்தவர், பின்னவர் அறிவிக்கிறவர். நம்முடைய ஆடு–ஆட்டு, ஓடு–ஓட்டு, உருள்–உருட்டு இணைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கும் மெய் இரட்டித்தால் தானே நடந்த செயல் பிறரைச் செய்யவைக்கும் செயலாகிறது. நாம் அதைச் சொல்லின் இறுதியில் செய்கிறோம், அவர்கள் நடுவில் செய்கிறார்கள்.

இந்த இரட்டிப்பைப் பற்றி 1002இல் இறந்த இப்னு ஜின்னீ என்ற இலக்கணி ஒரு கருத்துச் சொன்னார். ‘கஸர’ உடைத்தான், ‘கஸ்ஸர’ சுக்குநூறாக உடைத்தான். ‘கடஅ’ வெட்டினான், ‘கட்டஅ’ துண்டு துண்டாக வெட்டினான். நடு மெய் திரும்பி வருவதே செயல் திரும்பத் திரும்ப நடந்ததற்குச் சான்று என்றார் அவர். குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில், யூசுஃபை மயக்க முயன்ற பெண் கதவுகளை அடைத்தாள் என்ற இடத்தில் ‘கல்லகத்’ என்று இரட்டித்த வடிவமே வருகிறது. கதவு ஒன்றல்ல, பல. அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ‘களிம’ என்றால் வெள்ளரி, தர்ப்பூசணி போன்ற ஈரமான பண்டத்தை மெல்லுதல். ‘களிம’வின் முதல் ககரத்தை அடித்தொண்டையின் வல்லொலியாக மாற்றினால் பார்லிபோன்ற காய்ந்ததைக் கடித்தல். உரசும் மெல்லொலி மென்மையானதற்கு, வெடிக்கும் வல்லொலி கடினமானதற்கு என்பது அவர் வாதம். இரட்டிப்பைப் பற்றி அவர் சொன்னதை நான் முழுதாக ஏற்கிறேன். தனி எழுத்துக்கே பொருள் உண்டு என்ற இரண்டாவது வாதம் சில சொற்களுக்கு அழகாகப் பொருந்தும், மொழி முழுவதற்கும் பொருந்தாது. படிக்க இன்பமானது என்பதற்காக அதை விதியாக்கிவிட வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட ‘இஸ்டபர’. மதரசாவில் ‘பாப் இஃப்திஆல்’ என்பார்கள், மேற்கத்திய நூல்களில் எட்டாம் அச்சு. இதன் வாய்பாடு ‘இஃப்தஅல’: வேரின் முதல் மெய்யை அடுத்து ஒரு ‘த’வை நுழைக்க வேண்டும். ஜ-ம-அ (கூட்டு; இந்த ‘ஜ’ ‘ஜமாஅத்’தில் வரும் சாதாரண ஜகரம்) ‘இஜ்தமஅ’ (கூடினார்கள்) ஆகிறது. சிக்கலே இல்லை. ஆனால் இப்படி நடுவில் நுழைகிற ‘த’ எந்த மெய்யின் பக்கத்தில் போய் உட்காரும் என்பது வேரைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுக்கும் வசதி அதற்கில்லை. ஆகையால் அதுவே இணங்கிப் போகிறது.

ஸ-ப-ர வேரின் ஸகரம் தடித்தது. (தமிழ் முஸ்லிம் வீடுகளில் ‘ஸபுர் செய்யுங்கள்’ என்று சொல்கிற அதே வேர்.) தடித்த ஸகரத்துக்கு நாவின் பின்பக்கம் மேலே எழுந்திருக்கும்போது மெல்லிய தகரம் சொல்ல நாவை உடனே இறக்க வேண்டும். வாய் அதைச் செய்வதில்லை. தகரமும் தடித்துவிடுகிறது: இஸ்தபர என்று வரவேண்டியது இஸ்டபர. ள-ர-ப என்ற வேரும் அப்படியே ‘இள்டரப’ (கலங்கினான்) ஆகிறது.

தொடங்கும் மெய் ‘ஜகாத்து’வில் வரும் அதிர்வுள்ள ஸகரமாக இருந்தால் வேறு மாதிரி. ஜ-ஹ-ம என்றால் நெருக்குதல். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் சாலை நெரிசலுக்கு ‘ஜஹ்மா’ என்று சொல்லக் கேட்டிருப்பார்கள். அது எட்டாம் அச்சில் ‘இஜ்தஹம’. நான் எழுதியிருக்கும் ‘த’வைப் ‘பத்து’வில் வருவதுபோலப் படிக்காதீர்கள், ‘பந்து’வில் வருவதுபோலப் படியுங்கள். பத்து, பந்து இரண்டுக்கும் நாம் ஒரே எழுத்துப் போடுகிறோம். நகரத்தின் அதிர்வு தகரத்துக்குத் தொற்றும் என்று நமக்குத் தெரியும். அரபில் அந்த இரண்டும் வேறு வேறு எழுத்து என்பதால், தொற்றிய மாற்றத்தை எழுத்திலும் காட்ட வேண்டியிருக்கிறது. பாடநூல் அதை விதிவிலக்கு என்கிறது.

நினைவுகூர்தலைக் குறிக்கும் ‘திக்ர்’ இன்னும் ஒரு படி. அதன் முதலெழுத்து நாநுனி பல்லிடையே நிற்கப் பிறக்கும் அதிரொலி. அதன் பக்கத்தில் ‘த’ நுழைந்ததும் ‘த’ அதிரத் தொடங்குகிறது. பிறகு இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஒரே இரட்டை மெய்யாகிவிடுகின்றன. குர்ஆனின் 54ஆம் அத்தியாயத்தில் ‘ஃபஹல் மிம் முத்தகிர்’ (நினைவுகூர்கிறவர் உண்டா?) என்ற தொடர் 6 முறை வருகிறது. அந்த முத்தகிர் இப்படிப் பிறந்ததுதான். ஓதத் தெரிந்த பலரும் அதில் ‘திக்ர்’ ஒளிந்திருப்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

வகரத்தில் தொடங்கும் வேர்களுக்கு நேர்வது எனக்கு மிகவும் பிடித்தது. ‘வாஹித்’ ஒன்று, வேர் வ-ஹ-த. எட்டாம் அச்சில் ‘இவ்தஹத’ என்று வரவேண்டும். வகரத்தைத் தகரம் விழுங்கி ‘இத்தஹத’ ஆகிறது, ஒன்றுபட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தின் அரபுப் பெயர் அல் இமாராத் அல் அரபிய்யா அல் முத்தஹிதா. அந்த நாட்டு அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கிற நம்மவர் எத்தனையோ பேர். முத்தஹிதாவில் இரட்டித்து நிற்கும் முதல் தகரம், உருமாறிய ‘வாஹித்’தின் வகரம். வ-க-ய (காத்தல்) வேர் இதேபோல் ‘இத்தகா’ (தன்னைக் காத்துக்கொண்டான்) ஆயிற்று, அதிலிருந்து முத்தகீ (இறையச்சம் உடையவர்). ‘தக்வா’ (இறையச்சம்) என்ற பெயர்ச்சொல்லிலும் முதலில் நிற்க வேண்டியது வகரமே. நம் ‘வாரிசு’ வந்த வ-ர-ஸ வேரிலிருந்து மரபுச் செல்வத்தைக் குறிக்கும் ‘துராஸ்’ வந்ததும் அப்படியே.

ஏழாம் அச்சு வேறொரு பாடம் சொல்கிறது. அதன் அடையாளம் முன்னால் வரும் ‘ன்’. ‘கஸர’ உடைத்தான், ‘இன்கஸர’ உடைந்தது. தமிழிலும் உடைத்தது–உடைந்தது என்று மெல்லினம் வந்தால் தானே நிகழ்வது. தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க இதைவிட நல்ல வழி இல்லை. இந்த அச்சுக்குள் எல்லா வேர்களும் வருவதில்லை. ந, ல, ர, வ, ய என்பவற்றில் தொடங்கும் வேர்கள் பெரும்பாலும் விலகி நிற்கும். ஏன்? குர்ஆனைத் தஜ்வீத் முறைப்படி ஓதக் கற்ற பிள்ளையைக் கேளுங்கள், ‘யர்மலூன்’ என்று சொல்வான். னகரம் எந்த எழுத்துகளோடு சேர்ந்தால் கரைந்துபோகும் என்பதன் நினைவுச்சொல் அது. கரைந்துபோனால் ஏழாம் அச்சின் அடையாளமே போய்விடும். ஆகவே மொழி அந்த வேர்களை எட்டாம் அச்சுக்கு அனுப்பிவிடுகிறது: ர-ஃப-அ (உயர்த்து) ‘இர்தஃபஅ’ (உயர்ந்தது), ந-ஷ-ர (பரப்பு) ‘இன்தஷர’ (பரவியது). ஒரு சொல் என்ன வடிவம் எடுக்கும் என்பதோடு, எந்தச் சொல் பிறக்கவே கூடாது என்பதையும் ஒலி முடிவு செய்கிறது.

‘கால – குல்து’வுக்கு வருவோம். வேர் க-வ-ல. வகரம், யகரம், அலிஃப் மூன்றையும் அரபு இலக்கணிகள் ‘ஹுரூஃபுல் இல்லத்’, நோயுற்ற எழுத்துகள் என்பார்கள். உடம்பு சரியில்லாதவர் போல, நெருக்கடி வந்தால் தாங்காது. ‘கவல’ என்பதில் இரண்டு குற்றுயிருக்கு நடுவே வகரம் தாங்காமல் ‘கால’ என்று நெடிலானது. அடுத்து ‘நான்’ என்பதற்குரிய ‘து’ சேர்கிறது. நெடிலுக்குப் பின் மெய், அதன் பின் இன்னொரு மெய்: ‘கால்து’. நெடிலை மெய்யால் மூடிய அசை இப்படிச் சொல்லின் நடுவில் நிற்பதைச் செவ்வியல் அரபு விரும்பாது. நெடில் குறுகுகிறது. தமிழில் காண் + த் ‘கண்டான்’ ஆகிறதே, தா ‘தந்தான்’ ஆகிறதே, அதே நடைமுறை. நாம் அதைச் சில வினைகளில் மட்டும் செய்கிறோம் (‘வாழ்ந்தான்’ குறுகவில்லை), அரபில் அது கண்டிப்பான சட்டம். குறுகிய இடத்தில் உகரம் வந்ததற்குக் காரணம் உள்ளே மறைந்த வகரம். யகரம் மறைந்த வேரானால் இகரம் வரும்: ‘ஸார’ நடந்தான், ‘ஸிர்து’ நடந்தேன். ‘காஃப’ (அஞ்சினான்) மட்டும் ஏன் வகர வேராக இருந்தும் ‘கிஃப்து’ என்று நீங்கள் கேட்பீர்கள். அதன் பழைய வடிவம் ‘கவிஃப’. வகரம் போனாலும் அதன் மேல் ஏறியிருந்த இகரத்தின் நினைவு போகவில்லை.

இந்த நோயின் உச்சம் முன்சொன்ன வ-க-ய. வகரம் முதலிலும் யகரம் கடைசியிலும். ஏவலில் இரண்டும் விழுந்து ஒரே மெய்யும் ஒரே உயிரும் மிஞ்சும்: ‘கி’, காப்பாற்று. ‘வகினா அதாபன்னார்’ (நரக வேதனையிலிருந்து எங்களைக் காப்பாயாக) என்ற துஆவில் ‘வ’ என்பது ‘மேலும்’, ‘னா’ என்பது ‘எங்களை’. நடுவில் இருக்கும் ‘கி’ மட்டுமே வினை. நம் ஓரெழுத்து ஒருமொழிகளில் ‘கா’வுக்கும் காப்பாற்று என்றே பொருள். இரு மொழிக்கும் உறவு இருப்பதாக இதை வைத்துக் கதை கட்டக்கூடாது. என் உஸ்தாத் (ஆசிரியர்) இதைச் சொன்ன நாளில் வகுப்பே ஒரு கணம் அமைதியானது மட்டும் நினைவிருக்கிறது.

நிகழ்கால வடிவத்தின் உயிரைப் பற்றியும் நீங்கள் விரைவில் கேட்பீர்கள். ‘கதப’ ‘யக்துபு’ ஆகிறது, ‘ளரப’ (அடித்தான்) ‘யள்ரிபு’ ஆகிறது, ‘ஃபதஹ’ (திறந்தான்) ‘யஃப்தஹு’ ஆகிறது. உகரமா இகரமா என்பதை அகராதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அகரத்துக்கோ காரணம் உண்டு. வேரின் இரண்டாவது அல்லது மூன்றாவது மெய் தொண்டையில் பிறப்பதாக இருக்கும். ஹம்ஜா, இரண்டு வகை ஹகரம், ஐன், கைன், உரசும் ககரம் ஆகிய ஆறும் தொண்டையெழுத்துகள். தொண்டையைப் பார்க்க வைத்தியர் ‘ஆ’ சொல்லச் சொல்கிறாரே, ஏன்? ‘ஆ’வுக்குத் தாடை இறங்கி வாய் திறக்கும். தொண்டையெழுத்துக்கும் அதே வாய்நிலைதான் வசதி. சீபவைஹி அன்றைக்கே இதை எழுதியிருக்கிறார்: கீழே பிறக்கும் எழுத்துக்குப் பக்கத்தில், அதே திசையில் பிறக்கும் அலிஃபின் உயிர் வருகிறது என்று. ஆனால் இது ஒருவழிப் பாதை. தொண்டையெழுத்து இருந்தும் அகரம் வராத வினைகள் உண்டு. நம் ‘தாக்கல்’ பிறந்த ‘தகல’ (நுழைந்தான்) ‘யத்குலு’ என்றே வரும். முன்னும் பின்னும் அகரமாக நிற்கும் வினையில் தொண்டையெழுத்து இல்லாமல் இருப்பதோ மிக அரிது. ‘அபா – யஅபா’ (மறுத்தான்) என்ற ஒன்றை இலக்கணிகள் விதிவிலக்காக எடுத்துக் காட்டுவார்கள்.

வேருக்குள்ளும் ஒலியின் காவல் உண்டு. 1950இல் ஜோசஃப் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க மொழியியலாளர் 3,775 அரபு வினைவேர்களை எடுத்துக் கணக்கிட்டார். முதல் இரண்டு மெய்யும் ஒன்றாக இருக்கும் வேர் கிட்டத்தட்ட இல்லை. கடைசி இரண்டும் ஒன்றாக இருப்பவை தாராளமாக உண்டு: ம-த-த (நீட்டு) உண்டு, ம-ம-த கிடையாது. ஒரே இடத்தில் பிறக்கும் வெவ்வேறு மெய்களும் அடுத்தடுத்து வர அஞ்சும். உதட்டெழுத்துகளான ப, ஃப, ம இரண்டு சேர்ந்து உட்காருவதைப் பார்ப்பது கடினம். ஜான் மெக்கார்த்தி என்ற மொழியியலாளர் 1979இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆய்வேடு இதற்கு ஒரு விளக்கம் தந்தது: வேர் ஓர் அடுக்கு, வாய்பாடு இன்னோர் அடுக்கு. ‘மத்த’ (நீட்டினான்) என்பதன் வேரில் உண்மையில் இரண்டே மெய், ம-த. மூன்று இருக்கைகளை இடமிருந்து நிரப்பும்போது கடைசி இருக்கை காலியாகிறது. தகரம் நீண்டு அதையும் பிடித்துக்கொள்கிறது. ம-ம-த ஏன் கிடையாது என்பது இதிலேயே விளங்கிவிடுகிறது. நிரப்புவது இடப்பக்கம் தொடங்குவதால், முதல் மெய் இரண்டாவது இருக்கைக்கு நீள வாய்ப்பே இல்லை.

கலீலின் அகராதி முன்னுரையிலும் இத்தகைய ஒரு சோதனை இருக்கிறது. நான்கு, ஐந்து மெய் கொண்ட சொல்லில் ர, ல, ன, ஃப, ப, ம ஆகிய எளிதில் வழுக்கும் ஆறில் ஒன்றாவது இல்லையென்றால் அது அரபுச் சொல்லே அல்ல என்று சந்தேகப்படு என்கிறார். தங்கத்தைக் குறிக்கும் ‘அஸ்ஜத்’ போன்ற சிலவே தப்பும்.

வெளியிலிருந்து வரும் சொல்லும் இந்தக் காவலைத் தாண்டியே வர வேண்டும். தொலைபேசி வந்தது, அதன் மெய்கள் நான்கையும் எடுத்து ‘தல்ஃபன’ (தொலைபேசியில் பேசினான்) என்று நான்கு மெய் வினைக்குரிய வாய்பாட்டில் வார்த்தார்கள். ஐரோப்பிய மொழிகளிலிருந்து வந்த ‘ஃபப்ரக’ இன்று செய்திகளில் ‘பொய்யாகப் புனைந்தான்’ என்ற பொருளில் சாதாரணமாக வருகிறது. பிஸ்மில்லாஹ் என்ற தொடரையே நான்கு மெய்யாகச் சுருக்கி, அதைச் சொல்வதற்கு ‘பஸ்மல’ என்று வினை செய்தவர்கள் அல்லவா. பாரசீகத்தின் ‘அந்தாஜா’ (அளவு) அரபுக்கு வந்தபோது மட்டும் ஒரு சிக்கல் எழுந்தது. அளப்பவனை ‘முஹந்திஜ்’ என்றார்கள். அதிரும் தகரத்துக்குப் பின் ஜகரம் வருவது அரபு வேர்களில் இல்லாத வழக்கம் என்று பழைய அகராதியாளர்கள் குறித்திருக்கிறார்கள். கடைசி ஒலியின் அதிர்வை எடுத்துவிட்டு ஸகரமாக்கினார்கள். துபாய், தம்மாம் கட்டடத் தளங்களில் நம்மவர்கள் பொறியாளரை ‘முஹந்திஸ்’ என்று அழைப்பது அந்தத் திருத்தத்துக்குப் பின் வந்த வடிவத்தை.